எங்கள் கடனாளிகளுக்கு: ஜாமீன் கையெழுத்தில் முளைத்த கசப்பு

இந்த நிகழ்வில் வருகிறவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். நான் அதே சபையில் மூப்பராக இருந்து, குடும்பங்களைச் சந்தித்துப் பேசும் பொறுப்பைப் பார்த்துவருகிறேன். அவரும் அவர் மனைவியும் முழுவதையும் வாசித்து, சரி என்று சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நான் செய்த தவறுகளை எடுக்கவில்லை. மற்ற சபைகளில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு அவைதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 50 வயது. நண்பருக்கு இரண்டு வயது குறைவு. இருவரும் 19 வருடம் ஒரே ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். ஒருவர் பாடம் எடுப்பார், மற்றவர் பாட்டு சொல்லித்தருவார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

நண்பர் தொழிலைப் பெரிதாக்க வங்கிக் கடன் வாங்கினார். ஜாமீன் கேட்டார். இவர் பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவன் பேனாவை நீட்டினான், நான் போட்டேன்" என்றுதான் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இரண்டு வருடத்தில் தொழில் சரிந்து, தவணை நின்றது. வங்கி நேராக இவரைத் தேடி வந்தது. கடன் வாங்கியவர் எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பாக்கி 41 தவணைகள். ஆரம்பத்தில் நண்பர், "அடுத்த மாசம் எப்படியாவது தந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தவணை கட்டிய மாதம் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. போனை எடுப்பதும் நின்றுபோனது.

தொழில் சரிந்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. அது இவருக்கும் தெரியும். சொல்லாமல் போனதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

கவனித்தவை

ஒன்பதாவது தவணையின்போது அவர் மனைவி என்னிடம் வந்தார். "வீட்ல பேசறதே இல்லை, ஐயா. பேசினா அந்தக் கடனைப் பத்தி மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிறார்."

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சொன்னோம். அவர் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் வந்தது. அடுத்த வரியில் நின்றுவிட்டது. சபை முழுவதும் அந்த வரியைச் சொல்லி முடித்து, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று தொடங்கியபோது அவரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் அப்படியே.

விட்டுப்போன வரி, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பது. மத்தேயு 6:12. லூக்கா 11:4-இல் இதே வரி பாவங்களை மன்னிக்கச் சொல்லித் தொடங்கும். மத்தேயுவில் மூலத்திலேயே கடன் என்ற சொல்தான். நமக்கெல்லாம் அது பழகிப்போன சொல். வாய் தானாகச் சொல்லிவிடும். அவருக்கு அப்படி இல்லை. நிஜமாகவே ஒரு கடனாளி, ஒரு தொகை, மாதா மாதம் ஒரு தேதி இருந்தன. பொய் சொல்ல மனமில்லாமல்தான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார். இதைக் கடின இருதயம் என்று அன்று நான் எடுத்துக்கொண்டேன். அது நேர்மை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி: தேதி, தவணை எண், தொகை. கடைசிக் கட்டத்தில், அந்தப் பணத்தால் அந்த மாதம் எது நடக்காமல் போனது என்ற குறிப்பு. "அம்மாவின் கண் ஆபரேஷன் தள்ளிப்போட்டது." "மகள் கேட்ட படிப்புக்கு வேண்டாம் என்றது." பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கத்தில் எழுத்து விரலில் நெருடும். வரவு என்று ஒரு கட்டமும் போட்டிருந்தார். மேலிருந்து கீழ்வரை அது காலி.

மூன்றாவதாகக் கவனித்தது மகளை. 16 வயது. நண்பரின் மகளோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். ஊர் மாறிப்போன பிறகும் அந்தப் பெண் இவளுக்கு எழுதியிருக்கிறாள். இவள் பதில் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க பேரைச் சொன்னாலே அப்பா முகம் வேற மாதிரி ஆயிடுது, அங்கிள்" என்றாள். எபிரெயர் 12:15 கசப்பான வேரைப் பற்றிச் சொல்லும்போது, அது முளைத்தெழும்பினால் அநேகர் தீட்டுப்படுவார்கள் என்கிறது. "அநேகர்" என்ற அந்தச் சொல் எனக்கு அன்று அந்தப் பெண்ணின் முகத்தோடு சேர்ந்துகொண்டது.

முதல் முடிவும் அது உடைந்த விதமும்

11-ஆம் தவணை மாதத்தில் நான் எடுத்த முடிவு, இருவரையும் நேரில் சந்திக்க வைப்பது. காரணம் எளிமையானது. கோபம் நாள்பட்டால் முற்றிவிடும் என்று பயந்தேன். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் 4:26 மனதில் ஓடியது. நண்பரை வேறொருவர் மூலம் பிடித்து வரவழைத்தேன்.

சந்திப்புக்கு முன்னால் இவரைத் தனியே உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னேன். இரண்டும் தவறு.

ஒன்று, மத்தேயு 5:23, 24. காணிக்கையை வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு, அதாவது உறவைச் சரிசெய்துகொள், என்ற பகுதி. அந்த வசனம் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூருகிறவனுக்குச் சொல்லப்பட்டது. குறைக்குக் காரணமானவன்தான் எழுந்து போக வேண்டும். நான் அதை அடிபட்டவர் தலையில் வைத்தேன்.

இரண்டாவது, கோரி டென் பூம் அம்மையாரின் சாட்சி. நெதர்லாந்தில் யூதர்களை ஒளித்துக் காப்பாற்றியதற்காக 1944-இல் கைதாகி, நாஜிகளின் ராவன்ஸ்புரூக் முகாமில் அக்காவைப் பறிகொடுத்தவர். 1947-இல் மியூனிக்கில் அவர் பேசி முடித்ததும், அந்த முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் கையை நீட்டி மன்னிப்புக் கேட்டார். அம்மையார் ஜெபித்துவிட்டுக் கை கொடுத்தார். "அவங்களாலேயே முடிஞ்சதே" என்று நான் சொன்னேன். அந்தக் காவலர் தானாக முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதே அம்மையாரே பின்னாளில், தனக்குத் தீங்கு செய்த கிறிஸ்தவ நண்பர்களை மன்னித்த பிறகும் இரவெல்லாம் அது திரும்பத் திரும்ப வந்ததாக எழுதியிருக்கிறார். இவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது அந்தப் பகுதிதான்.

சந்திப்பு கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. நண்பர் தலை குனிந்தபடி, "நடந்தது நடந்துபோச்சு, மனசில வெச்சுக்காதே" என்றார். தொகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் ஜெபம் செய்து முடிக்கலாம் என்றேன். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் ஐந்து மாதம் ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் வரவில்லை.

என்னிடம் இதுபற்றிக் கேட்ட மற்றவர்கள், "இன்னும் மன்னிக்காம இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். ஐந்தாவது மாதத்தில் ஊரை விட்டுப் போனவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இது சபைகளில் அடிக்கடி நடக்கிறது. காயம் பட்டவர் கத்தினால் அது கண்ணுக்குத் தெரியும். காயப்படுத்தியவர் அமைதியாக இருந்தால் அது சாந்த குணமாகத் தெரியும்.

திரும்பப் போனது

17-ஆம் தவணை மாதத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். எந்த வசனத்தையும் கொண்டுபோகவில்லை. "நான் அவசரப்பட்டேன். உங்களுக்குச் செய்த அநியாயத்தை நான் அநியாயம்னு சொல்லவே இல்லை. மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதை ஒருதடவை முழுசா படிங்க, ஐயா. அப்புறம் பேசலாம்."

படித்தேன். 17 வரிகளைப் படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் இருந்ததை அவர் சொன்னார்.

அன்று எடுத்த முதல் முடிவு, தூக்கத்துக்காக மருத்துவரைப் பார்ப்பது. மாதக்கணக்கில் இரவு இரண்டு மணிக்கு விழிக்கிற மனிதருக்கு ஜெபம் மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டு சிகிச்சை தொடங்கினார். சில வாரங்களில் தூக்கம் ஓரளவு திரும்பியது. அதன் பிறகுதான் மற்றதைப் பேசவே அவருக்குத் தெம்பு வந்தது.

இரண்டாவது முடிவு, மன்னிப்பையும் ஒப்புரவையும் பிரித்துவைப்பது. மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். ரோமர் 12:18-லேயே "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இருக்கிறது. நண்பரைச் சந்திக்கும் பேச்சையே அன்றோடு ஒதுக்கி வைத்தோம். அதைக் கேட்டதும் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

கணக்குப் பார்த்த நான்கு மாதங்கள்

வாரம் ஒரு மாலை உட்கார்ந்து மத்தேயு 18-ஐ மெதுவாக வாசித்தோம். மன்னிக்காத ஊழியக்காரன் உவமை: ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிட்ட ஒருவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுக்கிற கதை. அவருக்கு அது பிடிக்காத பகுதி. எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவரை அடித்திருந்தார்கள்.

மெதுவாக வாசித்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, ராஜா எடுத்த எடுப்பில் மன்னிக்கவில்லை. முதலில் கணக்குப் பார்க்கிறான். இவ்வளவு கடன் என்று தொகை வெளியே வருகிறது. அதற்குப் பிறகுதான் மனமிரங்கி விடுவிக்கிறான். "நடந்தது நடந்துபோச்சு" என்ற பேச்சு அந்த உவமையில் எங்கும் இல்லை.

இரண்டாவது, நூறு வெள்ளிப்பணம். பிரசங்கங்களில் இதைச் சில்லறைக் காசு மாதிரி சொல்லிவிடுகிறோம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து வேலைக்குப் பேசியது அதுதான். அப்படியென்றால் நூறு வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 வெள்ளிப்பணம் என்று வைத்தால், பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. அதன் பக்கத்தில் வைத்தால்தான் நூறு சின்னது. தனியாக எடுத்தால் ஒரு குடும்பத்தை ஆட்டிவைக்கிற தொகை. "அப்ப என் கடன் பெரிசுதான்னு இயேசுவே ஒத்துக்கிறார்" என்று அவர் சொன்னார். அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. அவருடைய இழப்பை யாரோ முதல் தடவையாக முழுத் தொகைக்கு ஒப்புக்கொண்டது போல இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு மாலை, மன்னித்தல் என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல்லைப் பற்றிப் பேசினோம். சீமோனும் அந்திரேயாவும் "வலைகளை விட்டு" இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்ற மத்தேயு 4:20-இலும் அதே வினைச்சொல்தான். கையில் பிடித்திருப்பதை விடுவது. வலை இல்லாமல் போகாது, அங்கேதான் கிடக்கும். அதைப் பிடித்திருக்கும் கைதான் விலகுகிறது.

சங்கீதம் 55-ஐ அவரே சத்தமாக வாசித்தார். என்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகிப்பேன், என் தோழனாகிய நீயே அவன், நாம் சேர்ந்தல்லவா தேவாலயத்துக்குப் போனோம் என்று புலம்பும் பகுதி. பாதியில் நிறுத்திவிட்டு, "இப்படியெல்லாம் ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். வேதத்திலேயே ஜெபமாக இருக்கிறதே என்றேன். அடுத்த சில வாரம் அவர் ஜெபத்தில் நண்பர்மேல் அவர் வைத்த குற்றச்சாட்டுகள் கடுமையாக இருந்தன. நான் தடுக்கவில்லை. அதுவரை மனைவியிடமும் மகளிடமும் கொட்டியதை அவர் தேவனிடம் கொட்டத் தொடங்கியிருந்தார்.

21-ஆம் தவணை கட்டிய வாரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 41 தவணைகளின் மொத்தத் தொகையையும் எழுதினார். கீழே, "தந்தால் வாங்கிக்கொள்வேன். தராவிட்டால் தண்டிக்கும் வேலை என்னுடையது அல்ல" என்று எழுதித் தேதி போட்டார். ரோமர் 12:19-ஐ அவர் தன் சொற்களில் எழுதிக்கொண்ட விதம் அது. நோட்டை எரித்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், ஐயா. எரிச்சா நடக்காத மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, என் அலமாரியில் வைக்கச் சொன்னார். மீதித் தவணைகளை நோட்டில் எழுதவில்லை. வங்கி ரசீதோடு நிறுத்திக்கொண்டார்.

நண்பருக்கு ஒரு கடிதமும் எழுதினார். ஒரு பக்கம்தான். மொத்தத் தொகை, சொல்லாமல் போனது எப்படி வலித்தது, முடிந்தபோது முடிந்ததைத் தரலாம், தராவிட்டாலும் உனக்கு எதிராக எதையும் பிடித்துவைக்க மாட்டேன். வழக்குப் போடுவது பற்றியும் யோசித்தோம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் வேண்டாம் என்றார். நான் அதில் வற்புறுத்தவில்லை. வேறொருவர் வழக்குப் போட்டிருந்தால் அவர் மன்னிக்கவில்லை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பின்தொடர்ந்தது

கடிதத்துக்கு எட்டு மாதம் பதில் இல்லை. அதற்கு முன்பே, 24-ஆம் தவணை மாதத்தில், அவர் ஜெபத்தின் அந்த வரியைச் சொன்னார். மற்றவர்களைவிட அரை நொடி தாமதமாக வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாவது மாதம், வங்கிக் கணக்கில் ஒரு சின்னத் தொகை வந்து விழுந்தது. கூடவே எந்தச் செய்தியும் இல்லை. இன்னும் இரண்டு முறை வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. 41-ஆவது தவணையையும் இவரே கட்டி முடித்தார்.

கடன் முடிந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, இருவருக்கும் பொதுவான ஒருவரின் அடக்க ஆராதனையில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். கை கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுக்கொண்டார்கள். அன்று இரவு இவர் தூங்கவில்லை. மறுநாள் காலை என்னிடம் வந்து நோட்டைக் கேட்டார். "எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன். முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

அப்போது யோசேப்பைப் பற்றிப் பேசினோம். சகோதரரால் விற்கப்பட்டபோது அவனுக்கு 17 வயது, பார்வோன் முன் நின்றபோது 30. செழிப்பான 7 வருடம், பஞ்சத்தில் 2 வருடம். சகோதரரிடம் தன்னை வெளிப்படுத்தியபோது 39 ஆகியிருக்கும். இடையில் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிடுகிறான், தேவன் என்னை மறக்கப்பண்ணினார் என்று சொல்லி. ஆனால் சகோதரர் வந்து நின்றதும் ஒதுங்கிப் போய் அழுகிறான். மறந்தேன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவனுக்கே அப்படி. தகப்பன் எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்த பிறகும், அந்தச் சகோதரர் அவன் பழிவாங்குவான் என்று பயந்து ஆள் அனுப்புகிறார்கள். அதைக் கேட்டும் அவன் அழுதான் என்று ஆதியாகமம் 50-இல் வாசிக்கிறோம். நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இன்று மாற்றிச் செய்வது

அடிபட்டவர் கேட்காமல் சந்திப்பு ஏற்பாடு செய்வதில்லை. முதலில் தொகை, அதாவது என்ன நடந்தது, என்ன போனது என்பது முழுவதும் பேசப்பட வேண்டும். அதற்கு நான்கு மாதம் ஆனாலும் சரி. காயப்படுத்தியவரிடம் தனியே போய்ப் பேசும் பொறுப்பையும் சபை எடுக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவே இல்லை. நண்பர் போன ஊரில் அவரைத் தேடி ஒரு மூப்பராவது போயிருந்தால், மூன்று தவணையோடு நின்றது நிற்காமல் போயிருக்கலாம். அவருக்கும் ஒரு மேய்ப்பர் தேவைப்பட்டது. இது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய தவறு மனைவி விஷயத்தில். என்னிடம் முதலில் வந்தவரே அவர்தான். ஆனால் நான்கு மாதக் கணக்கில் அவரை நாங்கள் உட்காரவைக்கவில்லை. கணவர் கடிதம் எழுதி அனுப்பியதைப் பிறகுதான் அறிந்தார். "கையெழுத்து அவர் போட்டார், ஐயா. கட்டினது ரெண்டு பேரும். மன்னிச்சது மட்டும் எப்படி அவர் ஒருத்தர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய கணக்கு வேறு. அதில் நண்பர் மட்டும் இல்லை, கணவரும் இருந்தார், நானும் இருந்தேன். சபையில் வயதில் மூத்த ஒரு சகோதரியோடு அவர் இப்போது பேசிவருகிறார். அது இன்னும் முடியவில்லை. முடிக்கச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. மகள், நண்பரின் மகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிட்டாள். அவளிடம் அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

தற்போதைய நிலை

இருவரும் ஒப்புரவாகவில்லை. நண்பர் இவருக்குத் தர வேண்டிய மீதி அப்படியே நிற்கிறது.

நோட்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். செலவுப் பக்கத்தில் புதிதாக எதுவும் இல்லை. காலியாகக் கிடந்த வரவுக் கட்டத்தில், நண்பர் அனுப்பிய மூன்று தொகைகளையும் தேதியோடு எழுதியிருந்தார். தாளைத் திருப்பித் தடவினேன். அந்த மூன்று வரிகளும் விரலில் படவில்லை.